இறுக்கும் முன் ஒருமுறை கோத்துப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, என் அப்பா வைத்திருந்தது 1966-ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. அவர் போன பிறகு பத்து வருடம் ஷெட்டிலேயே நின்றது. இரண்டு வருடத்துக்கு முன்பு நானும் பாலிடெக்னிக் படிக்கும் என் மகனும் சேர்ந்து முழுதாகப் பிரித்தோம். சேசிஸைத் துருவெடுத்து, இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்தாயிற்று. பாடியும் டிங்கரிங் முடிந்து அதே பழைய வெளிர்நீலத்தில் தனித்தனிப் பாகமாக வந்துவிட்டது. இன்ஜினுக்கு லேத்தில் ரீபோர் செய்து, ஒரு மெக்கானிக்கிடம் பூட்டி வாங்கி ஒரு வருடமாக ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம். போல்ட், நட் எல்லாம் பத்துப் பன்னிரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன; மேலே ஒட்டிய சீட்டுகள் ஆயிலில் ஊறி எழுத்தே தெரியவில்லை. பழையதைப் போட்டுவிட்டுப் புது 8 எம்.எம். போல்ட்டாக வாங்கிவிடலாமா? முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று மகன் துடிக்கிறான். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மே மாதம் அம்மாவை இந்த வண்டியில் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போக ஆசை. முடியுமா?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

8 எம்.எம். போல்ட் மட்டும் வாங்க வேண்டாம். இன்றைக்கே தம்பி கடைக்குக் கிளம்பிவிடக் கூடும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டு அங்குலக் கணக்கில் பிறந்த வண்டி. அதில் நீங்கள் அதிகம் பார்க்கும் போல்ட் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். 8 எம்.எம். போல்ட்டுக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மரை வேறு. பழைய போல்ட்டில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை, 8 எம்.எம். போல்ட்டில் ஏறக்குறைய 20. கையால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று ஏறும். அப்புறம் இறுகும். நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனர் போட்டால், உள்ளே இருக்கிற மரையை அறுத்துக்கொண்டு போகும். இந்த வண்டியில் பல நட்டுகள் தகட்டுக்குள்ளேயே பிடித்து வைக்கப்பட்டவை. அதில் மரை போனால், புதுப் பெயின்ட் அடித்த தகட்டை வெட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். ஸ்பேனரும் அப்படியே. 1/2 அங்குலத்துக்கு 13 எம்.எம். ஸ்பேனர் ஓரளவு உட்காரும், ஆனால் முனையை வழித்துவிடும். 7/16, 1/2, 9/16 என்று ஒரு நல்ல அங்குல ஸ்பேனர் செட் வாங்குங்கள். இந்த வேலையில் நீங்கள் செய்யும் மிக உபயோகமான செலவு அதுதான்.

பாட்டில்களைப் பற்றிக் கவலை வேண்டாம். சீட்டு அழிந்தாலும் போல்ட்டே தன் இடத்தைச் சொல்லும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, ஒரு பழைய வேட்டியை விரித்துப் பருமன்வாரியாக, பிறகு நீளவாரியாகப் பரப்புங்கள். மரை சரியாக இருக்கும் ஒரு நட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பாருங்கள். விரலால் கடைசி வரை ஓடாதது தனியாகப் போகட்டும். தலைக்குக் கீழே வாஷர் உட்கார்ந்த வட்டம், துரு எதுவரை ஏறியிருக்கிறது, நுனியில் அண்டர்கோட் ஒட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்தால், அது பாடியில் இருந்ததா இன்ஜினில் இருந்ததா என்று பாதிக்கு மேல் தெரிந்துவிடும். தலையில் முத்திரை வெட்டியிருக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டவை. அவற்றை மட்டும் அதே வலிமையுள்ள புதிய போல்ட்டாக மாற்றுங்கள். நம்மூரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பஞ்சமில்லை. 'துருவே பிடிக்காது, இதையே போடுங்கள்' என்று யாராவது சொல்வார்கள். நம்பர் பிளேட்டுக்குப் போடுங்கள், சஸ்பென்ஷனுக்குப் போடாதீர்கள். கடையில் கிடைக்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் அந்தப் பளுவுக்கு உருவானதல்ல. ஸ்பிளிட் பின், நைலான் வளையம் வைத்த நட் இரண்டையும் பழையது போட வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன்.

இந்த வண்டியை நீங்கள் இரண்டு முறை பூட்ட வேண்டும். முதல் முறை எதையும் இறுக்காமல், ரப்பர், சீலன்ட் எதுவும் வைக்காமல், போல்ட்டை விரலால் மட்டும் ஏற்றி முழு வண்டியையும் நிற்க வைத்துப் பார்ப்பது. இரண்டாவது முறைதான் உண்மையான பூட்டு. நேரம் போகிறதே என்று தோன்றும். ஆனால் வீட்டில் பிரித்த வண்டிகள் பாதியில் நின்றுபோவதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம் ஒன்றுதான். கடைசியில் கதவு மூடாது. அதற்குள் கண்ணாடி, சீட், ஒயரிங் எல்லாம் போட்டாயிற்று, மறுபடி பிரிக்க மனம் வராது. வண்டி மேல் துணியைப் போர்த்தி விடுவார்கள்.

ஹெரால்டில் இது இன்னும் முக்கியம். 1959-இல் இங்கிலாந்தில் இந்த வண்டி வந்தபோது, முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர அந்தக் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேசிஸ் மேல் வைத்து, போல்ட் போட்டு இணைத்தார்கள். 1961-இலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்ததும் அதே முறையில்தான். இதனால்தான் ஒரு அம்மாவும் மகனும் வீட்டு ஷெட்டிலேயே இதை முழுதாகப் பிரிக்க முடிந்தது. ஒரு பியட் வண்டியை இப்படிக் கழற்ற முடியாது. ஆனால் இதே காரணத்தால் முன்பாதி, பின்பாதி, கூரை, கதவு, பானெட் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று எப்படி உட்காருகின்றன என்பது முழுக்க முழுக்கப் பூட்டுகிறவர் கையில் இருக்கிறது.

முதலில் சேசிஸைச் சக்கரத்தில் நிற்க வையுங்கள். முன் சஸ்பென்ஷன், பின் ஆக்சில், ஸ்டீயரிங், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் ஆகியவை முதலில். பிறகு இன்ஜினும் கியர்பாக்ஸும் அதன் இடத்தில் உட்காரட்டும். ஸ்டார்ட் செய்வதற்கு அல்ல, எடைக்காக. அந்தப் பளு ஏறும்போது சேசிஸ் லேசாக வளையும். வெறும் சேசிஸில் பார்த்த கதவு இடைவெளி, இன்ஜின் ஏறிய பிறகு மாறிவிடும்.

இதற்கு நடுவே ஒன்றை நின்று சொல்ல வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக் கம்பியின் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கம்பி அதற்குள் மரையிலேயே சுழலும். இதற்குக் கிரீஸ் கூடாது. கியர் ஆயில், இ.பி. 90, அதுதான் போக வேண்டும். கிரீஸ் நாளடைவில் உள்ளே கட்டியாகிவிடும். புதிதாக அடிப்பது மரை வரை போகாது. தண்ணீர் இறங்கும், கம்பி அரித்துப்போகும், ஒருநாள் முறியும். இது எனக்குத் தெரிந்த விதம் வலியானது. நான் தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவருடைய ஹெரால்டு மாதம் ஒருமுறை என்னிடம் வரும். எண்ணெய் ஏற்றும் சிறு மூக்கான நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னைப் பிடிக்கும் கை எனக்கு. ஒவ்வொரு முறையும் அங்கே கிரீஸ்தான் அடித்தேன். ஒரு நாள் மலையிறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்த நேரத்தில் அந்தக் கம்பி முறிந்து சக்கரம் மடங்கிவிட்டது. மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தார், மலைப்பக்கச் சக்கரம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாற்பது வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஹெரால்டு வந்தால் என் கை முதலில் போவது அந்த இடத்துக்குத்தான்.

நீங்கள் எப்படியும் பிரித்துவிட்டீர்கள். கம்பியின் மரையைச் சுத்தமாகத் துடைத்து, அரிப்புக் குழியோ கீறலோ தெரிகிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். இங்கிலாந்தில் இந்த வண்டிக்கு இன்னும் புதுச் சாமான் செய்கிறார்கள், வரவழைக்கலாம். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கிற பழையதை இந்த ஒரு இடத்துக்கு மட்டும் வாங்காதீர்கள். அதற்குள் யார் கிரீஸ் அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வலப்பக்கத்துக்கு வலது மரை, இடப்பக்கத்துக்கு இடது மரை, மாற்றிப் பூட்ட முடியாது. கடைசி வரை திருகி ஏற்றிவிட்டு, ஒரு சுற்றுக்குள் பின்னால் தளர்த்தி நிறுத்துங்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஸ்டீயரிங் முழுதாக ஒடியும்.

சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் உள்ள இடங்களையெல்லாம் இப்போதைக்குக் கையிறுக்கத்தோடு விடுங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அவற்றை முறுக்கி இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருக்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரம் தரையில், முழு எடையும் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கம். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் பின்சக்கரங்கள் இரண்டும் அடிப்பக்கம் உள்ளே மடங்கி, வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்த ஆக்சில் அமைப்பே அப்படி. நாலு முறை முன்னும் பின்னும் தள்ளினால் தானாக உட்கார்ந்துவிடும்.

இப்போது பாடி. நாலு பேரைக் கூப்பிடுங்கள், இயந்திரம் தேவையில்லை. ஓரங்களுக்கெல்லாம் துணி டேப் ஒட்டிவிட்டு, முன்பாதியை வையுங்கள், பின்பாதியை வையுங்கள், கூரையை ஏற்றுங்கள், கதவுகளை மாட்டுங்கள். போல்ட் ஓட்டைகளில் பெயின்ட் அடைத்திருக்கும். மரை வெட்டும் கருவியான அங்குல 'டேப்' ஒன்றை விட்டு முதலில் சுத்தம் செய்துகொள்ளுங்கள், போல்ட்டாலேயே பெயின்ட்டை அறுத்துக்கொண்டு ஏற்ற வேண்டாம். கதவின் பின் ஓரத்தைப் பாருங்கள். இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், பின்பாதி மல்லாந்து கிடக்கிறது என்று அர்த்தம். அதன் பின்முனைக்கு அடியில், சேசிஸில் உட்காரும் இடத்தில் தகட்டு வாஷர் சேர்த்துத் தூக்குங்கள், மேலே நெருங்கி வரும். மாறாக இருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வாஷர்தான். ஒவ்வொரு முறையும் கதவை மூடித் திறந்து பார்க்க வேண்டும். கீலில் உள்ள அட்ஜஸ்ட்மென்ட்டைக் கடைசியில் தொடுங்கள். பாடி சரியாக உட்காராமல் கீலில் சரிசெய்தால் கதவு சரியாகும், பானெட் போய்விடும். கதவு இரண்டும் விரலால் தள்ளினாலே மூடும்போதுதான் பானெட்டை மாட்ட வேண்டும். இதற்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். எந்த இடத்தில் எத்தனை வாஷர் என்று ஒரு நோட்டில் படம் போட்டு எழுதுங்கள், ஒட்டுச் சீட்டு வேண்டாம்.

எல்லாம் சரியாக நின்ற பிறகு, பாதி பாதியாகத் தூக்கி, இணைப்பில் சீலன்ட் வைத்து, ரப்பர் வைத்து, குறித்த வாஷர்களோடு மறுபடி இறக்கி இறுக்குங்கள். தரையில் இரண்டு பாதியும் சேரும் குறுக்கு வரிசையில் சீலன்ட்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். மழை நாளில் காலடியில் ஈரம் வருவது அங்கிருந்துதான்.

ஒயரிங் தம்பிக்குப் பிடித்த வேலையாக இருக்கும், அவரிடமே விடுங்கள். அந்தக் காலத்து லூகாஸ் முறையில் பழுப்பு நேராக பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை ஃப்யூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். இடையில் யாராவது கைவைத்திருந்தால் நிறத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கட்டும். புதுப் பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் போகும் ஒவ்வோர் இடத்திலும் காசளவுக்குச் சுரண்டிவிட்டு போல்ட் போட வேண்டும். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை ஒன்று கட்டாயம். அதை மறந்துவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கிற கரன்ட் முழுவதும் சோக் கம்பி வழியாகத் திரும்பும், அது சிவந்து புகையும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உலோகத்தோடு இணைத்தவை. உங்களுடையது எது என்று பேட்டரியை மாட்டும் முன் பழைய கிளாம்ப்பைப் பாருங்கள்: பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பருமனானது, எர்த் ஒயரின் கிளாம்ப் எதில் சரியாக உட்காருகிறது என்று தெரியும். முதல் முறை நேரடியாக இணைக்காமல், நடுவில் ஒரு 21 வாட் பல்பைக் கோத்து மாட்டுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தால், எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒயர் எரிவதற்குப் பதில் பல்பு எரியும்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆயில் வழிதான். ஒரு இடத்தில் கசிந்தால் நாலும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாம் புதிதாக இருக்கட்டும், பழையது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும். சிலிண்டர்களை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ வேண்டாம். ரப்பர் ஊறிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள். அது உங்கள் வெளிர்நீலப் பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் உரித்துவிடும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டும் எத்தனால் தாங்குவதாகக் கேட்டு வாங்குங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, 1966-இன் ரப்பர் அதற்கு உருவானதல்ல.

தம்பிக்கு: இன்ஜின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ரீபோர் செய்த இன்ஜினை, ஓட்ட முடியாத நிலையில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஸ்டார்ட் செய்து காட்டினால், பிஸ்டன் ரிங் படிவதற்கு முன்பே சிலிண்டர் சுவர் வழவழப்பாகிவிடும். பிறகு ஆயில் குடிக்கும். ஸ்டார்ட் செய்த அதே வாரம் ரோட்டில் ஓட வேண்டும். ஒரு வருடம் நின்றதால், பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, முன் புல்லியை ஸ்பேனரால் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து நொடியாகச் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக் போட வேண்டும். பிளக் ஒயர்களை மாட்டும்போது ஃபயரிங் ஆர்டரை, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசையைப் பாருங்கள்: 1-3-4-2.

இன்னொரு சோதனை, இதை விடவே கூடாது. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன் புல்லியைப் பாருங்கள். கிளட்ச் மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது பூட்டும்போது விழுந்துவிட்டது. அரை நிலா வடிவத்தில் இரண்டு துண்டுதான் அது. அப்படியே ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே தேய்த்துவிடும், அதற்கப்புறம் அந்த பிளாக்கைக் காப்பாற்றுவது கடினம்.

ஏற்காடு. மே மாதம் வேண்டாம், சகோதரி. கோடை விழா நேரத்தில் மலைப்பாதையில் வண்டி ஊர்ந்துதான் போகும். 948 சி.சி. இன்ஜின், புது ரிங், கோடை வெயில், 20 கொண்டை ஊசி வளைவு, முன்னால் ஒரு பஸ்: ரேடியேட்டர் கொதிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதல் 800 கிலோமீட்டர் சமவெளியில் ஓடட்டும். கன்னங்குறிச்சி, பிறகு குரும்பப்பட்டிப் பூங்கா வரை, அப்படியே தூரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும் நாலு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் பக்கத்தில் கைவைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, அதைச் சரிசெய்யாமல் மலைக்கு ஏற வேண்டாம். 800 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை மாற்றி, சஸ்பென்ஷன் போல்ட் அனைத்தையும் மறுபடி ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

ஜூலையில் ஒரு செவ்வாய், புதன் கிழமை பார்த்து அதிகாலையில் கிளம்புங்கள். மேலே போனதும் ஐடிலிங் கொஞ்சம் தடுமாறும். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து பெட்ரோல் கலவை அதிகமாகிறது, அவ்வளவுதான். கார்பரேட்டரைத் திருகாதீர்கள்; சேலத்துக்கு வந்தால் தானாகச் சரியாகிவிடும். எனக்குப் பயம் ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான். முதல் வளைவுக்கு முன்பே செகண்ட் கியருக்கு வந்துவிடுங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் டிரம் ஆறட்டும்.

இரண்டு கதவு வண்டியில் பின்சீட்டுக்குக் குனிந்து ஏறி இறங்குவது வயதானவருக்குச் சிரமம். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். தம்பி பின்னால் போகட்டும்.